ராமன் திருப்பிப் பார்த்த ஊதாக் கல்

சர் சி.வி. ராமனுக்குக் கற்கள் என்றால் கொள்ளை ஆசை. பெங்களூரில் 1948-ல் தன் பெயரிலேயே ஆய்வுக்கழகம் தொடங்கிய பிறகு வைரம், ஓபல், இலங்கைச் சந்திரகாந்தக் கல் என்று ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1954-ல் அவரும் ஏ. ஜெயராமனும் ஆராய்ந்து எழுதியது செவ்வந்திக்கல்லைப் பற்றி. நகைக்கடையில் கேட்டால் 'அமெதிஸ்ட்' என்பார்கள்.

பார்க்கத்தான் ராஜகம்பீரம். உள்ளே இருப்பது குவார்ட்ஸ், அதாவது ஆற்று மணலில் கிடக்கும் அதே சிலிக்கா. சிலிக்கான் இருக்க வேண்டிய சில இடங்களில் இரும்பு அணு புகுந்துவிடுகிறது. அது மட்டும் போதாது. சுற்றியுள்ள பாறையின் கதிரியக்கப் பொட்டாசியம் முதலியவை வெளியிடும் காமா கதிர்கள் நெடுங்காலம் பட்டு, அந்த இரும்பிலிருந்து ஓர் எலெக்ட்ரானைக் கழற்ற வேண்டும். அப்போதுதான் அது ஒளியின் பச்சை, மஞ்சள் பகுதியை விழுங்கும். மிஞ்சும் நீலமும் சிவப்பும் சேர்ந்து நம் கண்ணுக்கு ஊதா. 450 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் நிறம் ஓடிவிடும், பல கற்கள் மஞ்சளாகும். சந்தையில் 'சிட்ரின்' என்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இப்படிச் சுட்ட செவ்வந்திக்கற்களே. எல்லாக் கடைக்காரரும் இதைச் சொல்வதில்லை.

ஒரு காலத்தில் மாணிக்கத்துக்கு நிகரான விலை. பிரேசிலின் எரிமலைப் பாறைப் பொந்துகளில் குவியல் குவியலாகக் கிடைத்ததும் விலை சரிந்தது.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 'டெல்லி ஊதா நீலக்கல்' என்றொரு கல் இருக்கிறது. 1857-ல் கான்பூர்க் கோயிலில் கொள்ளையடிக்கப்பட்டது, வைத்திருப்பவரைச் சாபம் பிடிக்கும் என்றெல்லாம் கதை. அதை வைத்திருந்த எட்வர்ட் ஹெரான்-ஆலன் கதாசிரியரும்கூட என்பதைச் சேர்த்துப் படிப்பது நல்லது. கல்லோ நீலமே அல்ல, செவ்வந்திக்கல். நீலத்தின் கடினம் மோஸ் அளவில் 9, இதற்கு 7.

இன்றைய ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் இந்த ஆள்மாறாட்டம் நிமிடத்தில் பிடிபடும். லேசரைப் பாய்ச்சி, சிதறும் ஒளியைப் பார்த்தால் போதும். அது 1928-ல் கண்டறியப்பட்ட ராமன் விளைவு. ஆனால் தொழிற்சாலையில் வளர்த்த செவ்வந்திக்கல்லும் அசல் குவார்ட்ஸ்தான், ஆகவே அங்கே ராமன் நிறமாலை பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவே கல்லைத் திருப்புகிறார்கள். பூமியில் விளைந்த கல்லில் வலக்கை, இடக்கை குவார்ட்ஸ் படலங்கள் மாறி மாறி அடுக்கியிருப்பதால் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியும். செயற்கைக் கல்லில் பெரும்பாலும் தெரியாது. சில செயற்கைக் கற்களிலும் கோடு விழுவதால், சந்தேகம் வந்தால் அகச்சிவப்புச் சோதனைக்கு அனுப்புகிறார்கள்.