பாவித்த ஹைபிரிட் காரும் அதன் பற்றறியும்

ஜப்பான் தேசத்தில் ஒரு புதிய கார் மூன்றாண்டு நிறைந்ததும், அதன்பின் ஈராண்டுக்கு ஒருமுறையும், பெருஞ்செலவு பிடிக்கும் பரிசோதனைக்கு உட்பட்டே தீரவேண்டும் என்ற விதி இருப்பதனால், நல்ல நிலையிலுள்ள வாகனங்களையுங்கூட அந்நாட்டார் விரைவிலேயே ஏலத்துக்கு அனுப்பிவிடுகின்றனர். அவ்வாறு ஏலத்துக்கு வந்த டொயோட்டா அக்குவா, பிரியஸ், ஹொண்டா ஃபிட் முதலிய ஹைபிரிட் கார்கள், வரிச்சலுகையின் துணையோடு கப்பலேறி வந்து இலங்கையின் வீதிகளை நிறைத்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்திலேயே தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறக்கப்பட்டமையால், இடைப்பட்ட காலமெல்லாம் நாட்டுக்குள் இருந்தவையே கைமாறிக் கைமாறி ஓடின. இன்று யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு குடும்பம் தன் சேமிப்பையெல்லாம் திரட்டி வாங்க எண்ணும் அக்குவா பத்து வயதைக் கடந்ததாக இருப்பது சாதாரணம். அந்த வயதுடைய ஹைபிரிட் காரின் விலை, விற்பவர் சொல்லும் தொகையோடு முடிவதில்லை. பற்றறியின் எஞ்சிய ஆயுளையும் சேர்த்தே அதைக் கணிக்கவேண்டும் என்பது என் துணிபு.

இவ்வகைக் கார்களைப் பற்றி மக்களிடையே நிலவும் அச்சத்தில் ஒரு பாதி ஆதாரமற்றது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த பிரியஸிலும், 2011 டிசம்பரில் வெளிவந்த அக்குவாவிலும், ஒரு பெற்றோல் எஞ்சினும் இரண்டு மின்மோட்டார்களும், சூரியனைக் கிரகங்கள் சுற்றுவதுபோல் நடுச்சக்கரத்தைச் சிறு சக்கரங்கள் சுற்றிவரும் பற்சக்கரத் தொகுதியால் பிணைக்கப்பட்டுள்ளன. இந்த ஏற்பாட்டில் கிளட்ச் இல்லை, தனியான ஸ்டார்ட்டர் இல்லை, ஆல்ட்டனேட்டர் இல்லை, ஆகவே சாதாரணக் கார்களில் வயதேற ஏறச் செலவு வைக்கும் பல உறுப்புகள் இங்கே பழுதாவதற்கே இடமில்லை. பிரேக்கை மிதிக்கும்போது மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கிப் பற்றறிக்கு அனுப்பிவிடுவதால், பிரேக் பாட்களும் நெடுநாள் தேயாமல் உழைக்கின்றன.

எஞ்சிய பாதி அச்சத்துக்குக் காரணமானது பற்றறி. அக்குவாவின் பின் ஆசனத்துக்கு அடியில், ஒவ்வொன்றிலும் ஆறு செல்கள் கொண்ட 20 மொடியூல்கள் வரிசையாக அடுக்கப்பட்டு, 144 வோல்ட் மின்னழுத்தம் தருகின்றன. இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸ்களில் மொடியூல்கள் 28, மின்னழுத்தம் 201.6 வோல்ட். நிக்கல் சேர்ந்த இந்தப் பற்றறி முற்றாக நிரம்பவும் முற்றாக வடியவும் விடாமல், ஏறத்தாழ 40 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையிலேயே அதை வைத்திருக்கும்படி காரின் கணினி கண்காணிப்பதனால், அது நெடுங்காலம் உழைக்கிறது. ஆனால் உஷ்ணத்தை மட்டும் அதனால் பொறுக்க முடியாது. பயணிகள் இருக்கும் பகுதியின் குளிர்ந்த காற்றையே, பின் ஆசனத்தின் ஓரத்திலுள்ள ஒரு சிறு வாய்வழியாக மின்விசிறி ஒன்று உறிஞ்சிப் பற்றறியின் மேல் செலுத்துகிறது. அந்த வாயிலே புழுதி படிந்தாலும், பொருட்கள் சாத்தி வைக்கப்பட்டு அது அடைபட்டாலும், வவுனியாவின் பங்குனி வெயிலில் பற்றறி மூச்சுத் திணறிச் சில ஆண்டுகளின் ஆயுளைச் சில மாதங்களில் இழந்துவிடக்கூடும். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் அந்த விசிறியையும் வடிகட்டியையும் துப்புரவு செய்யும்படி கேட்பதற்கு ஆகும் செலவு மிக அற்பம். கேட்பவர்களோ மிகச் சிலர்.

பற்றறி ஒரே நாளில் முழுவதுமாகச் செத்துவிடுவதில்லை. இருபதில் ஏதோ ஒரு மொடியூல் முதலில் தளர்கிறது, தளர்ந்தது விரைவில் நிரம்பி விரைவில் வடிவதால், திரையிலே பற்றறியின் கோடுகள் சில நிமிடங்களுக்குள் ஏறுவதும் இறங்குவதுமாய்த் தோன்றும், விசிறி இரைச்சலிடும், எஞ்சின் அடிக்கடி விழித்தெழும், பின்னர் எச்சரிக்கை விளக்கு எரியும், கராஜில் கணினியைப் பொருத்திப் பார்த்தால் பெரும்பாலும் பீ0ஏ80 என்ற குறியீடு தோன்றும். அந்த நேரத்தில் பலர் சொல்லும் யோசனை, கெட்ட ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு வேறொரு பழைய பற்றறியிலிருந்து எடுத்ததைப் பொருத்துவது. அதை நான் விரும்பிச் சிபாரிசு செய்யமாட்டேன். ஒரே காலத்தில் ஒரே வெப்பத்தில் மூப்படைந்த மற்றப் பத்தொன்பதும் அடுத்தடுத்துத் தளரக் காத்திருப்பவை. ஒன்றை மாற்றிய சில மாதங்களில் இன்னொன்று கைவிடும்போது கூலியும் அலைச்சலும் மறுபடி பிறக்கும். வண்டியை விற்றுவிடும் நோக்கத்தோடு இப்படி ஒப்பேற்றுபவர்களும் உண்டு என்பதை வாங்குபவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். பல ஆண்டுகள் வைத்து ஓடும் எண்ணமுள்ளவருக்குப் புதிய மொடியூல்களால் ஆன முழுப் பற்றறியே இறுதியில் மலிவானது.

ஆண்டுக்கு 15,000 கிலோமீற்றர் ஓடும் ஒரு அக்குவா, லீற்றருக்கு 20 கிலோமீற்றர் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், 750 லீற்றர் பெற்றோல் குடிக்கும். அதே பருமனான சாதாரணக் கார் லீற்றருக்கு 12.5 கிலோமீற்றர் ஓடினால் 1,200 லீற்றர் வேண்டும். லீற்றர் 300 ரூபாய் என்று கொண்டால், ஆண்டுக்கு மிச்சம் 135,000 ரூபாய். 2022 ஜூன் இறுதியில் பெற்றோல் 470 ரூபாய்க்கு ஏறி, பின்னர் கியூஆர் அட்டைக்கு அளந்து கொடுக்கப்பட்ட நாட்களில், இந்த மிச்சம் எத்தனை குடும்பங்களுக்குக் கை கொடுத்தது என்பதை நாம் கண்டோம். எனினும் மிச்சமானது முழுவதும் இலாபமாகாது. அதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பற்றறிக்கென ஒதுக்கி வைத்தால்தான், இலட்சக்கணக்கில் கேட்கப்படும் அந்தச் செலவு வரும்போது கடன்படாமல் இருக்கலாம். ஆண்டுக்கு 6,000 கிலோமீற்றர் மட்டும் ஓடுபவருக்கோ மிச்சம் 54,000 ரூபாய்தான்; பற்றறி ஓட்டத்தால் மட்டுமன்றி வயதாலும் தேய்வதால், அத்தகையவர் பழைய ஹைபிரிட் வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது.

மற்றக் கோளாறுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். பன்னிரண்டு வோல்ட் சிறிய பற்றறி இறங்கிவிட்டால் கணினி விழிக்காது. பெரிய பற்றறி போய்விட்டதென்று பதறுமுன் அதையே முதலில் சோதிக்க வேண்டும். 1.8 லீற்றர் எஞ்சினுள்ள மூன்றாம் தலைமுறைப் பிரியஸில், புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும் குழாயும் அதன் குளிராக்கியும் கரி பிடித்து அடைபட்டு, கடைசியில் ஹெட் காஸ்கட் எரிவது பரவலாக அறியப்பட்ட குறை. காலையில் எஞ்சின் நடுங்கி எழுவதும், கூலண்ட் காரணமின்றிக் குறைவதும் அதன் அறிகுறிகள். பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் மின்பம்பின் தொகுதி பழுதானால் செலவு பெரிது. 2013இல் வந்த ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டில் இருப்பது இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி. அது வெளிவந்த தொடக்கத்திலேயே பலமுறை திருப்பியழைக்கப்பட்டது. ஆகையால் அதை வாங்குபவர், நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது வண்டி குலுங்குகிறதா என்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வாங்குமுன் வண்டியை அரைமணி நேரமாவது ஓட்டி, இயலுமானால் கடுகண்ணாவை போன்ற ஏற்றமொன்றில் ஏற்றி இறக்கி, அவ்வேளையில் கணினியில் பற்றறியின் ஒவ்வொரு பகுதியின் மின்னழுத்தத்தையும் ஒரு மெக்கானிக்கைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். வீட்டு வாசலில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் நோயுற்ற பற்றறியும் சுகமாகவே தோன்றும். ஓடிய தூரத்தை மீற்றரை மட்டும் நம்பாமல் ஜப்பானிய ஏலத்தாளோடு ஒப்பிட வேண்டும். 2016 மே மாத வெள்ளத்தில் களனி கங்கையை அண்டிய பகுதிகள் பட்ட பாடு தெரிந்ததே; அப்படி நீரில் மூழ்கிய கார்களும் விற்பனைக்கு வரலாம். அக்குவாவின் பற்றறி பின் ஆசனத்துக்கு அடியில் இருப்பதனால், காருக்குள் முழங்காலளவு நீர் புகுந்திருந்தாலே அது பழுதாகப் போதும். பின் ஆசனத்தைத் தூக்கித் துருவும் சேற்றுத் தடமும் உண்டா என்று பாருங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் ஓடுவதற்கென்று வாங்கி, மற்ற மாதங்களில் கொட்டகையிலே மூடி வைக்கப்படும் கார்கள் வடக்கில் பல. ஹைபிரிட் காருக்கு அது பொருந்தாத வாழ்வு. பெரிய பற்றறி நின்ற இடத்திலேயே மெல்ல வடிகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாரேனும் அதை "ரெடி" நிலைக்குக் கொண்டுவந்து அரைமணி நேரம் ஓட்டிவர வேண்டும். ஓட்ட ஆளில்லையெனில், கியரை "என்" இல் அல்ல, "பீ" இல் வைத்து இயங்க விடவேண்டும். "என்" இல் பற்றறி நிரம்புவதில்லை. பெரிய பற்றறி முற்றாக வடிந்துவிட்டால் எஞ்சினைச் சுழற்றுவதற்கும் அதே பற்றறிதான் வேண்டுமாதலால், பக்கத்து வீட்டுக் காரிலிருந்து வயர் கொடுத்தும் பயனில்லை. விசேஷ கருவி உள்ள கராஜுக்குத்தான் அதை ஏற்றிச் செல்ல வேண்டும்.