கருவியும் அதன் சூழலும்: ஈமாக்ஸ் உரைத்தொகுப்பியின் ஒரு தடை பற்றிய விளக்கம்

ஆய்வேட்டை லேடெக் முறையில் எழுதுவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. மாக் கணினியின் முனையத்தில் கட்டளையிட்டால் லேடெக் செவ்வனே இயங்குகின்றது. அதே கணினியில் ஈமாக்ஸ் உரைத்தொகுப்பியிலிருந்து அழைத்தாலோ, அத்தகைய செய்நிரல் இல்லை என்னும் அறிவித்தலே கிடைக்கின்றது. ஏட்டைச் சமர்ப்பிக்கும் நாள் நெருங்குகையில், எழுதுபவர் தமது அறியாமையை நொந்து, நிறுவியதை நீக்கி மீண்டும் நிறுவுகின்றார். பயன் விளைவதில்லை. ஏனெனில் குறைபாடு செய்நிரலிலோ எழுதுபவரிலோ இல்லை. தொகுப்பி எச்சூழலிலே தோன்றியது என்பதிலேயே உள்ளது.

றிச்சட் ஸ்டோல்மன் உருவாக்கி 1985 இல் வெளியிட்ட குனு ஈமாக்ஸ், அச்சுக்கோப்பு, எழுத்துப்பிழை திருத்தம் முதலிய பணிகளைப் புறச் செய்நிரல்களிடம் ஒப்படைக்கின்றது. அவற்றை எங்கெங்கே தேடுவது என்பதை வகுப்பது 'பாத்' எனப்படும் சூழல் மாறி. அது அடைவுகளின் நிரலாகும். அந்நிரலில் இடம்பெறாத அடைவு தேடப்படுவதில்லை. யுனிக்ஸ் மரபில் ஒவ்வொரு செய்நிரலும், தன்னைத் தோற்றுவித்த செய்நிரலின் சூழலைத் தோன்றும்போதே பிரதியாகப் பெறுகின்றது. பின்னர் தாயிடத்து நிகழும் மாற்றம் சேயை எட்டாது.

முனையம் திறக்கப்படுகையில், கட்டளைகளை ஏற்று நடத்தும் ஷெல் தனது அமைப்புக் கோப்புகளை வாசித்து, லேடெக் உள்ள அடைவையும் நிரலிற் சேர்த்துக்கொள்கின்றது. சின்னத்தைச் சொடுக்கித் திறக்கப்படும் ஈமாக்ஸோ ஷெல்லின் வழி வருவதன்று. முறைமையின் அடிப்படை அடைவுகள் சிலவே அதற்கு வாய்க்கின்றன.

காரணத்தை மூன்று படிகளில் துணியலாம். முதலாவது, முனையத்தில் 'விச்' என்னும் கட்டளையால் செய்நிரலின் இருப்பிடத்தை அறிதல். அங்கும் அகப்படாவிடின் நிறுவலையே ஐயுறல் வேண்டும். இரண்டாவது, ஈமாக்ஸினுள் 'கெட்என்வ்' கட்டளையால் 'பாத்' மாறியின் மதிப்பைக் கண்டு, முனையத்தின் மதிப்போடு ஒப்பிடுதல். மூன்றாவது, ஈமாக்ஸின் இயங்கு கோப்பை முனையத்திலிருந்தே நேரே இயக்குதல். அவ்வேளை லேடெக் அகப்படுமாயின் காரணம் ஐயமற நிறுவப்படுகின்றது.

பரிகாரம் தேடுகையில் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. தான் நேரே அழைக்கும் செய்நிரல்களை ஈமாக்ஸ் 'எக்ஸெக்-பாத்' என்னும் தனது மாறியின்படி தேடுகின்றது. ஷெல்லின் ஊடாக அழைக்கப்படுபவையோ 'பாத்' மாறியைச் சார்ந்தவை. ஒன்றை மட்டும் திருத்துவோர் பாதி வெற்றியே பெறுவர். 'எக்ஸெக்-பாத்-பிரம்-ஷெல்' என்னும் துணைப்பொதி, ஷெல்லிடமே மதிப்பைக் கேட்டறிந்து இரண்டையும் ஒருங்கே நிரப்புகின்றது.

இலக்கியத்தை அது தோன்றிய சூழலினின்று பிரித்து நோக்கலாகாது என நாம் வாதிட்டு வந்துள்ளோம். நாளாந்தம் கையாளும் கருவிக்கும் இது பொருந்தும். 'இல்லை' என்னும் அறிவித்தல் ஒரு தோற்றமே. அதனை விளைவித்த நிலைமைகளை ஆராய்தலே எமது பணி. கட்டற்ற மென்பொருளாகிய ஈமாக்ஸின் உள்ளமைப்பு யாவர்க்கும் திறந்தே உள்ளது. அதனை அறியும் பொறுப்பை வல்லுநரிடம் மட்டும் விட்டுவிடுவோமாயின், எமது எழுத்தின் கருவி எமக்கே அந்நியமாகிவிடும்.