காலி பாட்டிலின் கணக்கு

சோடாவைத் திறந்ததும் புஸ்ஸென்று சீறுகிறதே, அந்த வாயுதான் பூமியைச் சூடாக்குகிறது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அது கார்பன் டை ஆக்சைடுதான், சந்தேகமில்லை. ஆனால் குற்றவாளி அதுவல்ல. டீ ஆறுவதற்குள் கணக்கைப் பார்த்துவிடலாம்.

330 மில்லி கோலாவில் கரைந்திருக்கும் வாயு இரண்டு மூன்று கிராம் இருந்தால் அதிகம். அதுவும் பெருமளவு உர ஆலைகளில் அமோனியா தயாரிக்கும்போது மிஞ்சுவதைப் பிடித்து அடைத்தது. 2018 கோடையில் ஐரோப்பாவில் பல அமோனியா ஆலைகள் ஒரே சமயத்தில் நின்றன; கால்பந்து உலகக் கோப்பை நேரத்தில் பிரிட்டனில் பீருக்கும் சோடாவுக்கும் வாயு கிடைக்காமல் திண்டாடினார்கள்.

2009இல் கோகோ கோலா நிறுவனம் கார்பன் டிரஸ்ட் அமைப்புடன் சேர்ந்து பிரிட்டனில் ஒரு கணக்கு வெளியிட்டது. 330 மில்லி கோலா ஒரு டின் என்றால் 170 கிராம் உமிழ்வு. சர்க்கரையில்லாத டயட் கோக் டின் என்றால் 150. அதே கோலா, அதே அளவு, கண்ணாடி பாட்டிலில் வந்தால் 360 கிராம். சர்க்கரையை எடுத்துவிட்டால் குறைவது 20 கிராம். டின்னை பாட்டிலாக்கினால் கூடுவது 190 கிராம். நாம் குடித்துவிட்டுத் தூக்கிப்போடும் பொருளில்தான் விஷயம் இருக்கிறது.

கண்ணாடி செய்ய மணலையும் சோடா உப்பையும் சுண்ணாம்புக்கல்லையும் 1,500 டிகிரி வாக்கில் உருக்க வேண்டும். அந்த உலையை இரவில் அணைத்துக் காலையில் மூட்ட முடியாது. வருடக்கணக்கில் எரிந்துகொண்டே இருக்கும். அலுமினியத்தைத் தாதுவிலிருந்து பிரிக்க மின்சாரம் ஏராளமாக வேண்டும். பழைய டின்னை உருக்கிப் புதிதாக்கினால் அதில் இருபதில் ஒரு பங்கு ஆற்றல் போதும். அதனால்தான் டின் கணக்கில் தப்பித்துக்கொள்கிறது.

அப்படியானால் கண்ணாடி கெட்டதா? ஒருமுறை குடித்துவிட்டு வீசினால் கெட்டதுதான். கழுவி மறுபடி நிரப்பினால், உலையில் எரிந்த எரிவாயு ஒவ்வொரு தடவையும் பங்கு பிரிந்துகொண்டே போகும். ஜெர்மனியில் ஒரு கண்ணாடி பாட்டில் 50 முறை வரை நிரப்பப்படுகிறது. அங்கே 1969இல் மினரல் வாட்டர் கம்பெனிகளின் கூட்டுறவுச் சங்கம், கியுன்டர் குபெட்ஸ் வடிவமைத்த ஒரே பாட்டிலைத் தன் உறுப்பினர்கள் எல்லோருக்கும் பொதுவாக்கியது. அவரவர் பெயர் லேபிளில் மட்டும். இதில் இருக்கும் புத்திசாலித்தனம் எனக்கு மிகவும் பிடிக்கும். கண்ணாடி கனம், தூரம் போனால் கழுவி மிச்சப்படுத்தியதை லாரி டீசலே தின்றுவிடும். பாட்டில் பொதுவாக இருந்தால், காலியானதை அருகிலிருக்கும் ஆலையிலேயே கழுவி நிரப்பிவிடலாம்.

நம் பெட்டிக்கடைகளுக்கு இது புதிதல்ல. கோலி சோடாவும் கலரும் கிரேட்டில் வந்து இறங்கி, காலி பாட்டில் அதே வண்டியில் திரும்பிப் போன காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் பாட்டில் வந்தபோது கம்பெனிக்குக் கழுவும் செலவும் திருப்பி எடுக்கும் வேலையும் மிச்சமாயின. குப்பை ஊர்மேல் விழுந்தது.

கடை வாசலில் நிற்கும் கண்ணாடிக் கதவுக் குளிர்பெட்டியையும் சேர்க்க வேண்டும். அது இரவும் பகலும் ஓடுகிறது. பழைய பெட்டிகளில் இருக்கும் 134ஏ என்ற குளிர்வாயு ஒரு கிலோ கசிந்தால், சுமார் 1,400 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இதற்கு மாற்றாகப் புதிய பெட்டிகள் பலவற்றில் வந்திருப்பது அதே கார்பன் டை ஆக்சைடுதான். பானக் கம்பெனிகள் உருப்படியாகச் செய்த காரியங்களில் இது ஒன்று.

பாட்டில் விஷயத்தில் அந்த உறுதி இல்லை. 2030க்குள் விற்பனையில் கால் பங்கைத் திருப்பி நிரப்பும் பாட்டில்களில் தருவோம் என்று 2022இல் கோகோ கோலா அறிவித்தது. 2024 டிசம்பரில் வெளியிட்ட புதிய இலக்குகளில் அது இல்லை. எனக்கு இது வருத்தம் மட்டுமல்ல, கோபமும்கூட. தன் பாட்டிலின் வடிவத்தையே விளம்பரமாக வைத்திருக்கும் கம்பெனி, போட்டிக் கம்பெனியோடு பாட்டிலைப் பகிர்ந்துகொள்ளத் தானாக முன்வராது. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் முன்பணமும் பொதுப் பாட்டிலும் சட்டமாக வர வேண்டும். கழுவும் ஆலை ஒவ்வொரு பெரிய ஊருக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும்.