ஜாமீனில் இருப்பவர் விஜயா மருந்து சாப்பிடலாமா?

நான் சித்தூர் கோர்ட்டில் வக்கீல். கஞ்சா வழக்கில் ஜாமீனில் வந்த நகரிக்காரர் ஒருவர் சின்னப் புட்டி ஒன்றை மேஜையில் வைத்தார். "தாங்க முடியாத முதுகுவலி சார். திருப்பதியில ஆயுர்வேத டாக்டர் எழுதிக் கொடுத்தார். இதைச் சாப்பிட்டா ஜாமீன் ரத்தாயிடுமா?" லேபிளில் விஜயா என்று இருந்தது, கஞ்சாச் செடியின் இலை.

1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டம், செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகளைத்தான் கஞ்சா என்கிறது. நுனி சேராத இலையும் விதையும் அதில் வராது. ஆயுர்வேதத்தில் விஜயா நிலைத்திருப்பது அதனால்தான். ஆனால் சிறுநீர்ப் பரிசோதனைக்கு இலை, பூ என்ற பேதம் தெரியாது. சீட்டு, பில், லேபிள் மூன்றையும் வாங்கி, கோர்ட்டில் முன்கூட்டியே மெமோ போட்டேன்.

குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு நிலைமை இன்னும் கடினம். சிறிய அளவு, அதாவது 1 கிலோ வரை கஞ்சாவோடு பிடிபட்டு, போதைக்கு அடிமையானவரை 39-வது பிரிவின்படி கோர்ட் சிகிச்சைக்கு அனுப்பலாம். பிறகு 3 ஆண்டு வரை பத்திரம் எழுதி வாங்கி விடுவிக்கலாம். அப்படி வெளியே இருப்பவர் விஜயாவைத் தொடவே வேண்டாம், வேறு வலிமருந்து கேளுங்கள் என்பேன்.

தயவுசெய்து டாக்டரிடம் வழக்கையும் வக்கீலிடம் மருந்தையும் மறைக்காதீர்கள்.