துப்பாக்கி விலையைக் கேட்பதற்கு முன்னால்

“சார், பழைய படத்துல ஹீரோ கோட்டுக்குள்ள வச்சிருப்பாரே, அந்த மாதிரி சின்ன பிஸ்டல். வீட்டுக் காவலுக்கும் ஆச்சு, ஞாயித்துக்கிழமை ரேஞ்சுல சுட்டுப் பழகவும் ஆச்சு. கம்மி விலையில எது நல்லது?”

பூந்தமல்லி கோர்ட்டில் வக்கீலாக எனக்கு வாய்தா இருந்த ஒரு நாள், அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டார். அவர் தெருவில் பூட்டியிருந்த வீட்டை உடைத்து நகையை எடுத்துப் போயிருந்தார்கள். மனிதர் பயந்திருந்தார். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். பேசப் பேசத்தான் விஷயம் வெளியே வந்தது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிய ஒருவனுக்கு ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டார். “சாமானை முதல்ல வாங்கிக்கங்க, லைசென்ஸ் அப்புறம் போட்டுக்கலாம்” என்று அவன் சொன்னானாம்.

அப்புறம் போட்டுக்கொள்ளும் லைசென்ஸ் என்று ஒன்று இந்த நாட்டில் கிடையாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் லைசென்ஸ் முதலில், துப்பாக்கி பிறகு என்கிறது. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி உங்கள் பீரோவில் இருந்தாலே போதும், அதை நீங்கள் தொட்டிருக்கக்கூட வேண்டாம், 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டு வரை சிறை. 2019இல் செய்த திருத்தம் தண்டனையை இப்படி ஏற்றிவிட்டது. பிடிபட்டது 9 எம்.எம். என்றால் அது தடை செய்யப்பட்ட வகை. 7 ஆண்டிலிருந்து 14 ஆண்டு வரை. திருடனுக்குப் பயந்து வாங்கியவர் திருடனைவிட அதிக காலம் உள்ளே இருக்க நேரிடும். முன்பணம் போனால் போகட்டும், அந்த எண்ணை பிளாக் செய்யுங்கள் என்று அவரிடம் மூன்று முறை சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

அமெரிக்காவைப் போல ஆயுதம் வைத்திருப்பது இங்கே அரசியல் சட்டம் தந்த உரிமை அல்ல. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இதைச் சொன்னது. அரசு அனுமதித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆனால் சட்டப்படி மனு கொடுப்பதும், அந்த மனுவுக்கு எழுத்தில் பதில் பெறுவதும் நம் உரிமை. அதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

முதல் தவறு எந்த அலுவலகம் என்பதிலேயே நடக்கிறது. அம்பத்தூர்க்காரர் சென்னை போலீஸ் கமிஷனர் அலுவலகம் இருக்கும் வேப்பேரிக்குப் போகிறார். பூந்தமல்லிக்காரர் திருவள்ளூர் கலெக்டர் அலுவலகத்தில் போய் நிற்கிறார். இருவரையும் திருப்பி அனுப்புகிறார்கள். சரியான இடம் எது என்று சொல்லி அனுப்பப் பல நேரம் ஆளில்லை. கதை இதுதான்: 2018இல் அம்பத்தூர் தாலுகா திருவள்ளூர் மாவட்டத்தை விட்டுச் சென்னை மாவட்டத்துக்குப் போனது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூரிலேயே நின்றன. அது வருவாய்த்துறைக் கணக்கு. போலீஸ் கணக்கு வேறு. 2022 ஜனவரி 1 முதல் ஆவடிக்கென்று தனி போலீஸ் கமிஷனரேட் வந்துவிட்டது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் அதற்குள் அடக்கம். கமிஷனரேட் எல்லைக்குள் துப்பாக்கி லைசென்ஸ் தரும் அதிகாரம் போலீஸ் கமிஷனருக்கு. அதற்கு வெளியே கலெக்டருக்கு. ஆகவே இந்த மூன்று ஊர்க்காரர்களின் மனுவும் ஆவடி கமிஷனருக்குத்தான் போக வேண்டும். எல்லை ஓரத்தில் குடியிருப்பவர்கள், உங்கள் ஸ்டேஷன் எந்தக் கமிஷனரேட்டில் வருகிறது என்று ஸ்டேஷனிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின்கோடை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மனு ஏ-1 படிவத்தில், மத்திய உள்துறையின் ஆயுத லைசென்ஸ் இணையதளம் வழியாகப் போக வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். ஆதார், முகவரிச் சான்று, பிறந்த தேதிச் சான்று எல்லோருக்கும் தெரிந்தவை. மனுக்கள் இடறி விழுவது வேறு இரண்டு காகிதங்களில். ஒன்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி முடித்த எஸ்-1 சான்று. இன்னொன்று, உடல்நலம் மனநலம் இரண்டையும் பார்த்து மருத்துவர் தரும் எஸ்-3 சான்று. தெரிந்த டாக்டரிடம் வெறும் லெட்டர்பேடில் ஒரு வரி எழுதி வாங்கிவந்தால் ஏற்கமாட்டார்கள்.

அடுத்தது காரணம். “தற்காப்புக்காக” என்று ஒரே வார்த்தையை எழுதிவிட்டு, ஏன் நிராகரித்தார்கள் என்று என்னிடம் வந்து கேட்பவர்கள் ஏராளம். உங்களுக்கு மட்டும் உள்ள ஆபத்து என்ன? இரவில் பணத்தோடு எந்த வழியாகப் போகிறீர்கள்? மிரட்டல் வந்ததா, வந்தபோது புகார் கொடுத்தீர்களா? அந்தப் புகாரின் சி.எஸ்.ஆர். ரசீது எங்கே, எஃப்.ஐ.ஆர். நகல் எங்கே? ஊரில் திருட்டு அதிகம் என்பது ஒரு தனி மனிதருக்கு லைசென்ஸ் கொடுக்கும் காரணமாகாது. வீடும் நிலமும் இருப்பவர்க்குத்தான் லைசென்ஸ் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. சொத்து போதாது என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ராணுவத்திலோ மத்தியப் படையிலோ போலீஸிலோ இருப்பவர்கள், இருந்து ஓய்வு பெற்றவர்கள் தங்கள் தேவையைக் காட்டி மனு செய்யவும் விதியில் இடம் உண்டு. ஆவடியில் அப்படிப்பட்ட குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

மனு ஸ்டேஷனுக்கு வந்தபின் 30 நாளில் போலீஸ் அறிக்கை போக வேண்டும். அறிக்கை கிடைத்த 60 நாளில் லைசென்ஸ் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இப்படித்தான் சொல்கின்றன. நடப்பதோ, கோப்பு மேசையில் மாதக்கணக்கில் தூங்கும். கேட்டால் “மேலே இருக்கு” என்பார்கள். மேலே என்றால் எங்கே? யார் மேசையில்? இதைக் கேட்டு நடையாய் நடக்காதீர்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: என் மனு எந்தத் தேதியில் எந்த ஸ்டேஷனுக்குப் போனது, அறிக்கை எந்தத் தேதியில் திரும்பியது, இன்று யாரிடம் இருக்கிறது. மூன்றே கேள்வி. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். தூங்கும் கோப்பு அதோடு நகர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மறுத்தால் வாயால் சொன்னதை ஏற்காதீர்கள். காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், நீங்கள் கேட்டால் அதன் சுருக்கத்தைத் தர வேண்டும். பொது நலன் கருதி மறைக்கும் அரிய சந்தர்ப்பம் மட்டும் விலக்கு. அந்த ஆணை கையில் இருந்தால்தான் ஆயுதச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்ய முடியும். கமிஷனரின் ஆணைக்கு எதிரான மேல்முறையீடு மாநில அரசிடம், அதாவது உள்துறையிடம் போகும். அதற்குக் காலக்கெடு உண்டு. ஆணை வந்த உறையைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். தபால் முத்திரையின் தேதி நாளைக்கு வேண்டியிருக்கும்.

இப்போது பட்டறைக்காரர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சாதாரண மனிதருக்குக் கிடைக்கும் கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 தான். அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் செய்யும் அசானி பிஸ்டல், கான்பூரில் செய்யும் ரிவால்வர்கள் எல்லாம் இந்த வகை. பெண்களுக்கென்று 2014இல் விட்ட ‘நிர்பீக்’ ரிவால்வரின் விலை அன்றைக்கே 1,22,000 ரூபாயைத் தாண்டியது. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்டல், ரிவால்வருக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். படத்தில் பார்த்த வால்தர் வேண்டும் என்றால், வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனிநபர் இறக்குமதி செய்வது 1980களிலேயே நின்றுவிட்டது. அன்று உள்ளே வந்த பழைய துப்பாக்கிகள்தான் கைமாறுகின்றன, அவையும் லட்சங்களில். மலிவு என்ற சொல்லுக்கு இங்கே இடமே இல்லை.

பழையதை ஒருவரிடமிருந்து வாங்குவதிலும் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். விற்பவர் தன் எண்ணத்தையும் வாங்குபவரின் பெயர் முகவரியையும் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிய வேண்டும். பிறகுதான் பொருள் கைமாறலாம். நண்பர், மைத்துனர், மாமா யாராக இருந்தாலும் இதில் விலக்கில்லை. வெளிமாநில லைசென்ஸைக் காட்டி விற்க வருபவரிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஜம்மு காஷ்மீரில் கொடுத்த லைசென்ஸ்களில் நடந்த முறைகேட்டை சி.பி.ஐ. விசாரித்தது நினைவிருக்கட்டும். தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண் ஏறாத லைசென்ஸ் செல்லாது.

சுட்டுப் பழகும் ஆசைதான் பெரிது என்றால் அதற்கு வேறு கதவு இருக்கிறது. 4.5 மில்லிமீட்டர் குழாய், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் கொண்ட ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டாம். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் ஒலிம்பிக் போட்டியே இதில்தான். ஆனால் பில்லில் இந்த இரண்டு அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பையன் ஆன்லைனில் .22 ஏர் கன் வாங்கிவிட்டு, “ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாமே” என்று என்னிடம் வாதாடினான். .22 அந்த வரம்பைத் தாண்டியது, லைசென்ஸ் கட்டாயம். அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப்பில் இரண்டு ஆண்டு சுறுசுறுப்பான உறுப்பினராக இருந்தவர், விளையாட்டுக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் கேட்கவும் விதி வழி விடுகிறது. ஆசையை நேர்வழியில் நிறைவேற்ற இதுவே நல்ல பாதை என்பேன்.

வீட்டுக் காவலுக்குத் துப்பாக்கி என்ற எண்ணத்தில்தான் எனக்குப் பெரிய கவலை. அம்பத்தூர், பாடி, திருமுல்லைவாயல் தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சமையலறை. குறி தவறிய தோட்டா எங்கே போய் நிற்கும்? 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை நார்த்தாமலைப் பக்கம் பயிற்சித் தளத்தில் சுட்ட தோட்டா ஒன்று, கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் தள்ளித் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. நாலு நாளில் அந்தக் குழந்தை இறந்துபோனது. அது பெரிய துப்பாக்கி, பிஸ்டல் அவ்வளவு தூரம் போகாது என்பீர்கள். அடுத்த வீட்டுச் சமையலறை வரை போனால் போதாதா?

சட்டமும் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கைகொடுக்காது. பாரதிய நியாய சன்ஹிதா தற்காப்பு உரிமை தருகிறது. சூரியன் மறைந்தபின் வீட்டை உடைத்து நுழைபவன் விஷயத்தில் அந்த உரிமை உயிரைப் பறிக்கும் எல்லை வரைகூடப் போகலாம். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்ற நிபந்தனை எப்போதும் உண்டு. ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொன்னால் கோர்ட்டில் நிற்காது. ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்து ரோந்து கேளுங்கள். வாசலுக்குக் கேமராவும் கதவுக்கு உள்தாழ்ப்பாளும் போடுங்கள். 112 எண்ணை வீட்டில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். என் கட்சிக்காரர்களில் பலருக்கு இவ்வளவே போதுமாக இருந்தது.

கடைசியாக, எனக்கு ஆறவே ஆறாத ஒரு விஷயம். ஆவடியில் ஓய்வு பெற்ற ராணுவக்காரர் ஒருவர் இறந்துபோனார். நாலு ஆண்டு கழித்து மகன் வந்தான். பீரோவின் அடித்தட்டில், எண்ணெய் நெடி அடிக்கும் காக்கித் துணியில் சுற்றி அப்பாவின் ரிவால்வர், பக்கத்தில் கரையான் தின்ற லைசென்ஸ் புத்தகம். “அப்பா ஞாபகமா வச்சிருந்தோம் சார். லைசென்ஸ்தான் இருக்கே.” லைசென்ஸ் அப்பாவோடு போய்விட்டது, தம்பி. வைத்திருக்க உரிமையில்லாத ஆயுதத்தைத் தாமதமில்லாமல் அருகிலுள்ள ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. விதிகளுக்கு உட்பட்டு லைசென்ஸ் பெற்ற டீலரிடமும் வைக்கலாம். காரியம் முடியட்டும், வருஷத் திதி முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

ஒப்படைத்தால் துப்பாக்கி கைவிட்டுப் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்கலாம். இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபனையில்லாக் கடிதம், பழைய லைசென்ஸ், ஸ்டேஷன் ரசீது, இவற்றோடு ஏ-1 மனு. பெரியவர் உயிரோடு இருக்கும்போதே வழி உண்டு: 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது வாரிசு ஒருவரை அவர் முன்மொழியலாம். ஒருவரிடம் இரண்டு துப்பாக்கிக்கு மேல் இருக்கக் கூடாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒப்படைக்கும்போதும், தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைக்கும்போதும் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். “நம்ம ஸ்டேஷன்தானே சார், பாத்துக்கலாம்” என்று சொன்னாலும் நின்று வாங்குங்கள். துப்பாக்கியின் மேலுள்ள எண்ணையும் ரசீதில் எழுதிய எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாக விரலை வைத்து ஒப்பிடுங்கள். ஒரு குடும்பத்துக்கு ரசீதில் 7 என்பதை 1 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு கோட்டைத் திருத்தி வாங்க அவர்கள் பதினொரு மாதம் அலைந்தார்கள்.