பெண் குழந்தையின் இரண்டாம் பெயர்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறக்கும் குழந்தைகளுக்கு இடப்பட்ட பெயர்களை அந்நாட்டுத் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் ஆண்டுதோறும் அட்டவணையாக வெளியிடுகிறது. ஒலிவியா, அமீலியா என்று முன்வரிசையில் நிற்கும் பெயர்களைத் தாண்டிச் சற்றுக் கீழே இறங்கிப் பார்ப்பவர்களுக்கு, ஏவா-ரோஸ், எல்லி-மே, லில்லி-ரோஸ், அமீலியா-கிரேஸ் என இரண்டு பெயர்களை ஒரு சிறு கோட்டினால் பிணைத்த பெயர்கள் கணிசமாகத் தென்படும். ஆண் குழந்தைகளுக்கும் ஆல்ஃபி-ஜேம்ஸ் போன்ற பெயர்கள் உண்டெனினும், இவ்வழக்கம் செழித்திருப்பது பெண் குழந்தைகளிடத்திலேதான். இதை நேற்று முளைத்த மோகம் என்று ஒதுக்கிவிடுவோர் பலர். ஆனால் கோடு புதிதேயன்றி, இரண்டாம் பெயர் புதிதன்று.

வில்லியம் காம்டன் என்ற சரித்திர ஆசிரியர் 1605-இல் வெளியிட்ட நூலொன்றில், இரண்டு பெயர் தாங்கியவர்கள் இங்கிலாந்தில் அபூர்வமென்றும், தம் நினைவுக்கு வருபவர்கள் அரசரும் அவருடைய குமாரர் ஹென்றி ஃபிரெடரிக்கும் அரச குலத்தைச் சேராத வேறு இருவரும் மாத்திரமே என்றும் எழுதியிருக்கிறார். அரண்மனையில் தொடங்கிய இச்சம்பிரதாயம் பிரபுக்கள் வீட்டுக்கும், பின்னர் வர்த்தகர் வீட்டுக்கும் இறங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிலாளர் குடிசைகளையும் எட்டியது. அக்காலத்தில் நடுவில் நின்ற பெயருக்கு ஒரு கடமை இருந்தது. அது மூத்தோரின் ஞாபகத்தைச் சுமந்தது. 1926-இல் பிறந்த இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முழுப்பெயர் எலிசபெத் அலெக்சாண்ட்ரா மேரி. அவற்றுள் முதலாவது தாயினுடையது, இரண்டாவது சில மாதங்களுக்கு முன் காலமான கொள்ளுப்பாட்டியினுடையது, மூன்றாவது பாட்டியினுடையது. இப்படிக் குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெண்களும் ஒரு தொட்டிலில் கூடிவிட்டார்கள்.

ஞாபகப் பெயர் எப்போதும் பின்னால் அடங்கிக் கிடந்ததென்றும் சொல்ல முடியாது. 1819-இல் பிறந்த ஓர் இளவரசிக்கு, ஞானத்தந்தையான ருஷ்ய சக்கரவர்த்தி அலெக்சாண்டரின் நினைவாக அலெக்சாண்ட்ரினா என்பது முதற்பெயராகவும், தாயின் பெயரான விக்டோரியா இரண்டாவதாகவும் அமைந்தன. சிறுவயதில் ட்ரீனா என்று செல்லமாக அழைக்கப்பட்ட அப்பெண், 1837-இல் சிம்மாசனம் ஏறியபோது முதற்பெயரை நழுவவிட்டு இரண்டாவதையே தன் யுகத்துக்கும் வழங்கிவிட்டாள்.

இன்று அந்த ஞாபகக் கடமை வெகுவாகத் தளர்ந்து, அதன் ஸ்தானத்தில் காதின் ருசி வந்து அமர்ந்திருக்கிறது. இக்காலத்துப் பெண் பெயர்களில் பெரும்பாலானவை ஒலிவியா, அமீலியா, ஐலா, ஏவா என்று உயிரொலியில் இழைந்து முடிபவை. அவற்றின் பின்னே ரோஸ், கிரேஸ், மே, ஜேன் என ஓரசைச் சொல் ஒன்று வந்து நின்றால், இழுத்துப் பாடிய அடி தாளத்தில் வந்து விழுந்ததுபோல் காதுக்கு நிறைவு உண்டாகிறது. பாட்டியின் பெயர் ரோஸாகவும் இருந்துவிட்டால் அது அதிர்ஷ்டம். இல்லாவிட்டாலும் ரோஸ் வந்துவிடுகிறது! வேறொரு காரணமும் உண்டு. ஒலிவியா என்ற பெயர் 2016 முதல் 2024 வரை அட்டவணையில் முதலிடத்தை விட்டு இறங்காதிருக்க, ஒரே வகுப்பில் இரண்டு மூன்று ஒலிவியாக்களைக் காணும் ஆசிரியைக்கு ஒலிவியா-ரோஸ் என்பவள் தனித்துத் தெரிவாள். மேரிகள் மலிந்திருந்த சென்ற யுகத்தில் மேரி ஆன், மேரி ஜேன் என்று சேர்த்து அழைத்ததும் இதே அவசியத்தினால்தான்.

அப்படியானால் கோடு எதற்கு? நடுப்பெயர் என்பது பிறப்புப் பதிவிலும் கடவுச்சீட்டிலும் திருமண மேடையிலும் ஒலிப்பதன்றி, அன்றாட வாழ்வில் மௌனமாகவே இருப்பது. நம்மிடையே தந்தையின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடுவதைப் போல அதுவும் பெரும்பாலும் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடும். அவ்வாறு சுருங்காமல் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டிலும் முழுமையாக அழைக்கப்பட வேண்டுமென்று விரும்பும் பெற்றோர், கோட்டினால் அதை முதற்பெயரின் அங்கமாக்கிவிடுகிறார்கள். கணக்கெடுப்பவர்கள் இதை ஒரே விதமாகப் பார்ப்பதில்லை. பிரிட்டிஷ் அலுவலகத்துக்கு ஏவா வேறு, ஏவா-ரோஸ் வேறு. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகமோ பெயரிலுள்ள கோட்டையும் இடைவெளியையும் நீக்கிவிட்டே எண்ணுவதால், ஜூலி-ஆனும் இடைவெளிவிட்டு எழுதிய ஜூலி ஆனும் சேர்த்தெழுதிய ஜூலியானும் அங்கே ஒரே பெயராகிவிடுகின்றன. இரட்டைப் பெயர் நெடுங்கால வழக்கமாயுள்ள அமெரிக்கத் தென்மாநிலங்களில், தாய் மேரியை முதற்கட்டத்திலும் எல்லெனை நடுக்கட்டத்திலும் எழுதிவிட்டால், ஊரார் அனைவரும் மேரி எல்லென் என்றழைக்கும் குழந்தை அட்டவணையில் வெறும் மேரியாகவே நிற்கும்.

இங்கிலாந்தில் இந்தக் கோட்டைக் கண்டு முகஞ்சுளிப்பவர்கள் உண்டு. எளிய குடும்பங்களின் ஆடம்பரமென்று நகைப்பவர்களும் உண்டு. இதே கோடு குடும்பப் பெயரில் வந்தால் மட்டும் அது குலப்பெருமையாகிவிடுகிறதே, அதுதான் எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. வாரிசுப் பெண்ணின் சொத்து வேண்டுமானால் அவள் வம்சத்தின் பெயரையும் ஏற்க வேண்டுமென்று உயில் எழுதிவைத்த செல்வர்களால் பிறந்தவை அப்பெயர்களுள் பல. 1767-இல் மேரி எலினார் போவ்ஸை மணந்த ஸ்டிராத்மோர் பிரபு ஜான் லயன், மாமனாரின் உயிலுக்கிணங்கப் போவ்ஸ் என்ற பெயரைச் சூடிக்கொண்டார். அவ்வழியில் வந்த போவ்ஸ்-லயன் குடும்பத்தில்தான் இரண்டாம் எலிசபெத்தின் தாயார் பிறந்தார். சொத்துக்காகச் சேர்ந்த பெயர் மதிப்புக்குரியது, ஆசைக்காகச் சேர்ந்த பெயர் நகைப்புக்குரியது என்ற நியாயம் எனக்கு விளங்கவில்லை.

பிரான்ஸில் காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. அங்கே 1803-ஆம் ஆண்டுச் சட்டம், நாட்காட்டிகளிலுள்ள பெயர்களையும் புராதன சரித்திர புருஷர்களின் பெயர்களையுமே அனுமதித்திருக்க, அந்த எல்லைக்குள் வித்தியாசம் காட்ட இணைப்பு நல்ல உபாயமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாரி-கிளோத், மாரி-கிறிஸ்தீன், ஆன்-மாரி என்ற பெயர்கள் ஊரெங்கும் ஒலித்தன. 1993-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோருக்குத் தாராளமான சுதந்திரம் அளிப்பதற்கு முன்பே அவை மவுசிழந்துவிட்டன. இன்று அவை பாட்டிமார் பெயர்கள். 1953-இல் மாரி-செகோலேன் என்று பெயரிடப்பட்டுப் பிற்காலத்தில் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்ட பெண்மணி, மாரியையும் கோட்டையும் விட்டுவிட்டுச் செகோலேன் ரோயால் என்றே அரசியலில் அறியப்பட்டார்.