கடன் முடிந்தது, கார்டின் வரம்பை என்ன செய்வது?



ஸ்கூடாயில் எங்கள் வட்டாரத்து ஆசிரியை ஒருவர் தன் கிரெடிட் கார்டு கடனை இரண்டு வருடமாக மாதா மாதம் கட்டி, ஒருவழியாக முடித்தார். ஏறக்குறைய 12,000 வெள்ளி. மகனின் படிப்புச் செலவு, காருக்கு டயர், தீபாவளி என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய கடன். "அடைச்சு முடிச்சாச்சு சார்" என்று சந்தோஷமாகச் சொன்னவர், அடுத்த மாதமே போனில் ஒரு குறுஞ்செய்தியைக் காட்டினார். அவருடைய வரம்பை 15,000லிருந்து 22,000 வெள்ளிக்கு உயர்த்தத் தயாராம். சம்மதம் என்று பதில் போட்டால் போதுமாம். "வாங்கி வச்சுக்கலாமா? சும்மா இருக்கட்டுமே" என்று கேட்டார்.

வேணாம் என்றேன். அதோடு நிற்காமல், இருக்கிற 15,000ஐயும் குறைக்கச் சொன்னேன். ஏன் என்பதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் சட்டம். பேங்க் நெகாரா 2011ஆம் ஆண்டு கடன்பற்று அட்டை விதிகளை இறுக்கியது. அட்டை வாங்க வயது 21 ஆகியிருக்க வேண்டும். ஆண்டு வருமானம் குறைந்தது ரிம24,000 இருக்க வேண்டும். ஆண்டு வருமானம் ரிம36,000 அல்லது அதற்குக் கீழே என்றால் இரண்டு வங்கிகளின் அட்டைக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஒவ்வொரு வங்கியும் தரும் வரம்பு மாதச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது. சம்பளம் 2,500 வெள்ளி என்றால் ஒரு வங்கியில் 5,000 வெள்ளிதான். நல்ல வேலி.

ஆனால் இந்த வேலி எங்கே முடிகிறது என்று பாருங்கள். மாதம் 3,000 வெள்ளியைத் தாண்டியவருக்கு இந்த இரண்டு மடங்குக் கணக்கு கிடையாது. அதற்கு மேல் எவ்வளவு தரலாம் என்பது வங்கி போடும் கணக்கு. சில வருடம் வேலை பார்த்த ஆசிரியர் யாராக இருந்தாலும் அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பார். வருமானம் கூடும்போது சட்டம் நம்மை நம்பி விட்டுவிடுகிறது. நாமோ வங்கி எழுதிக் கொடுத்த எண்ணைப் பார்த்து, 'இவ்வளவு நமக்குத் தாங்கும்' என்று நினைத்துக்கொள்கிறோம். நமக்கு எவ்வளவு தாங்கும் என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. ஆகவே வேலியை நாமே போட வேண்டும். கடன் முடிந்த மாதமே அதற்குத் தோதான நேரம். கட்டிய கஷ்டம் அப்போது மறந்திருக்காது.

அரசாங்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அரசு ஊழியர் நடத்தை, கட்டொழுங்கு விதிகள் 1993, 'கடுமையான கடன் சுமை' பற்றிப் பேசுகிறது. அடமானம் இல்லாத கடன்கள் எல்லாம் சேர்ந்து மாத ஊதியத்தைப் போல பத்து மடங்கைத் தாண்டினால், அந்த ஊழியர் கடுமையான கடன் சுமையில் இருப்பவராகக் கருதப்படுவார். மாதம் 4,000 வெள்ளி வாங்குபவருக்கு அந்தக் கோடு 40,000 வெள்ளி. தலா 15,000 வெள்ளி வரம்புள்ள மூன்று அட்டைகள் பர்ஸில் இருந்தால், மொத்தம் 45,000. வரம்பு என்பது கடன் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டிப் போக வழி ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது.

"வரம்பைக் குறைத்தால் நம்ம பேரு கெட்டுப்போகுமே, நாளைக்கு வீட்டுக் கடன் கிடைக்காதே" என்ற பயம் பலருக்கு. இணையத்தில் வரும் அமெரிக்க ஆலோசனைகளைப் படித்ததால் வந்த பயம் இது என்று நினைக்கிறேன். நம் நாட்டில் கடன் கொடுப்பவர் முதலில் பார்ப்பது பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கை. அதில் உங்கள் வரம்பு, பாக்கி, கடந்த 12 மாதங்களில் ஒழுங்காகக் கட்டினீர்களா என்ற விவரம் இருக்கும். சி.டி.ஓ.எஸ். போன்ற தனியார் நிறுவனங்கள் தரும் மதிப்பெண்ணில், வரம்பில் எவ்வளவு பங்கைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். சரி, கணக்குப் பார்ப்போம். 15,000 வரம்பில் 600 வெள்ளி பில் என்றால் 4 விழுக்காடு. வரம்பை 6,000 ஆக்கினால் அதே பில் 10 விழுக்காடு. இதில் பயப்பட ஒன்றுமில்லை. பாக்கி 5,000 இருக்கும்போது வரம்பை 6,000 ஆக்கினால்தான் விழுக்காடு எகிறும். அதனால்தான் முதலில் கடனை முடி, பிறகு வரம்பைக் குறை என்கிறேன்.

முடிந்துவிட்டதா என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பாக்கி வைத்துப் பழகிய அட்டைக்கு வட்டி நாள் கணக்கில் ஓடும். பில் தேதிக்கும் நீங்கள் பணம் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாள்களின் வட்டி அடுத்த மாதம் வந்து நிற்கும். இருபது, முப்பது வெள்ளிதான் இருக்கும். 'நான்தான் முழுசா கட்டிட்டேனே' என்று விட்டுவிட்டால் தாமதக் கட்டணமும் சேரும். பூஜ்யம் என்று காட்டும் ஒரு பில் கைக்கு வரட்டும்.

எவ்வளவுக்குக் குறைப்பது? அந்தப் பழைய இரண்டு மடங்கு விதியை உச்ச வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதச் சம்பள அளவு போதும் என்றால் இன்னும் நல்லது. ரொம்பவும் கீழே போகாதீர்கள். பெட்ரோல் நிலைய பம்ப்பில் கார்டைச் செருகினால் 200 வெள்ளி வரை தற்காலிகமாகப் பிடித்து வைப்பார்கள். ஹோட்டலில் வைப்புத்தொகை, தனியார் மருத்துவமனையில் முன்பணம் எல்லாம் வரம்பைத் தின்னும். தவணையில் வாங்கிய பொருள் இருந்தால், இன்னும் கட்டாத தொகையும் பெரும்பாலும் வரம்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் கழித்துவிட்டு எண்ணை முடிவு செய்யுங்கள்.

செய்வது சுலபம். கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்கு அழையுங்கள், அல்லது வங்கியின் செயலியில் தேடுங்கள். நிரந்தரமாகக் குறைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பேசுபவர் வேறு சலுகை ஏதாவது சொல்லி மனசை மாற்றப் பார்க்கலாம். அது அவர் வேலை. இரண்டு, மூன்று அட்டை இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ரத்து செய்வதே என் கட்சி. ஒவ்வோர் அட்டைக்கும் ஆண்டுக்கு 25 வெள்ளி சேவை வரி வேறு போகிறது.

எங்கள் ஊரில் தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. அங்கே வாங்கிய அட்டையின் கடன் இங்குள்ள சிசிரிஸ் அறிக்கையில் தெரியாது. குடும்பக் கணக்கு போடும்போது அதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் கடனில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. படிவம் 3 கணிதத்தில் 'கிரெடிட், கடன்' பாடம் நடத்தும் ஆசிரியர்கள் அப்படியே வகுப்பில் கொடுக்கலாம். பாக்கி ரிம10,000, வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு, அதாவது மாதம் 1.5. புதிதாக எதுவும் வாங்கவில்லை. குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காட்டை மட்டும் கட்டினால், முதல் மாதம் 10,150இல் 507.50 கட்டுவோம். பாக்கி குறையக் குறைய கட்டும் தொகையும் குறையும். 24 மாதம் கழித்து இன்னும் சுமார் 4,170 வெள்ளி நிற்கும். அதே கடனுக்கு மாதம் 500 வெள்ளி என்று அசையாமல் கட்டினால் அதே 24 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். முதல் மாதம் இரண்டு பேரும் கட்டியது ஏறக்குறைய ஒரே தொகைதான் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இந்த 500ஐயும் கட்ட முடியாத நிலை என்றால் ஏ.கே.பி.கே.யிடம் போங்கள். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த அமைப்பு அது, ஆலோசனை இலவசம்.

அந்த ஆசிரியை இப்போது 6,000 வெள்ளி வரம்பில் இருக்கிறார். வங்கி அனுப்பிய உறுதிக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார். இ-சிசிரிஸில் புதிய எண் ஏறியதா என்று அடுத்த மாதம் பார்த்துச் சொல்வதாகவும் சொல்லியிருக்கிறார்.